பின்சக்கரத்துக் கோடு

விபத்தில் விழுந்த மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் தரையைத் தொடாதபடி கட்டை கொடுத்துவிட்டு, மெக்கானிக் யோர்தானிஸ் ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்பினான். பேரிங் எங்கும் பிடிக்கவில்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தான், ஆட்டமும் இல்லை. டயரில் காற்று சரியாக இருந்தது. வண்டி வலப்பக்கம் சாய்ந்து சறுக்கியதில் கண்ணாடியும் பிரேக் மிதியும்தான் உடைந்திருந்தன. முன்பக்கத்தில் ஒரு குறையும் இல்லை. இனிப் பார்க்க மிச்சம் போன வாரம் அவன் கைவைத்த பின்சக்கரம்தான்.

"என்ன, டாக்டர் பரிசோதனை இன்னும் முடியலையா?" என்று வாசலில் நின்ற கோஸ்மாஸ் கேட்டான். கிரேக்க நகரம் வோலோஸின் துறைமுகத் தெருவில் சுவ்லாக்கி எனும் கம்பியில் சுட்ட இறைச்சி விற்கும் கடை வைத்திருப்பவன். அவனுடைய ஆறு டெலிவரி வண்டிகளும் இந்தப் பட்டறைக்குத்தான் வரும். "வண்டி நல்லா இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுப்பா. ஓட்டுனவன் தப்புன்னு ஆயிட்டா வைத்தியச் செலவு என் தலையில விழாது."

"ரெண்டு சக்கரமும் நேரா நிக்குதான்னு நூல் பிடிச்சுப் பாத்துட்டு எழுதறேன்."

"போன வாரம் பிடிச்சியா?"

பிடிக்கவில்லை. போன வாரம் பின் டயரை மாற்றி, செயினை இழுத்து, அச்சின் இரண்டு பக்கத் தகடுகளிலும் செதுக்கியிருக்கும் கோடுகளை ஒப்பிட்டு அச்சை முடுக்கி அனுப்பிவிட்டான். மறுநாளே அந்த வண்டியை ஓட்டும் டெலிவரிப் பையன் அனஸ்திஸ் வந்து நின்றான். "அண்ணே, கையைத் தளர்த்தினா வண்டி ஒருபக்கமா இழுக்குது."

"வண்டி இழுக்கலடா, ராத்திரி குடிச்ச சிப்பூரோ சாராயம் இழுக்குது" என்றான் யோர்தானிஸ். பட்டறையே சிரித்தது. குடிக்காத அனஸ்திஸும் கூடச் சிரித்துவிட்டுப் போனான். சனிக்கிழமை கடற்கரை வளைவில் விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டான்.

யோர்தானிஸ் பின் டயரைச் சுற்றி நூலைக் கட்டி, இரண்டு பக்கமும் முன்சக்கரம்வரை இழுத்தான். இடப்பக்க நூல் முன் டயரில் உரசியது. வலப்பக்கம் இரண்டு விரல் நுழைந்தது. பின்சக்கரம் கோணலாக நின்றது. அச்சு நட்டில் போன வாரம் அவன் வைத்த மஞ்சள் மைக்குறி கொஞ்சமும் நகரவில்லை. விழுந்ததில் கோணியது அல்ல. வலப்பக்கக் கோடு போட்ட தகடு, குளிர்காலத்தில் அவனே பழைய இரும்புக் கடையிலிருந்து எடுத்து மாட்டியது. வேறு ஏதோ வண்டியின் தகடு. அதன் கோட்டுக்கும் இந்த வண்டிக்கும் சம்பந்தமே இல்லை. போன வாரம் அச்சை முடுக்கும்போது அதை மறந்தே போய்விட்டான். வெட்கம் காதுவரை சுட்டது.

"என்ன?" என்றான் கோஸ்மாஸ்.

"முன்பக்கம் எல்லாம் சரியா இருக்கு."

"அதை எழுது, போதும்."

ஆறு வண்டிகளும் அடுத்த தெருப் பட்டறைக்குப் போக எவ்வளவு நேரமாகும்? யோர்தானிஸ் நூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, வண்டியில் குறை இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டான்.

கோஸ்மாஸ் சொல்லியனுப்பியிருந்த அனஸ்திஸ் அப்போதுதான் வந்தான். வலது கை மார்போடு கட்டியிருந்தது. யோர்தானிஸின் தாளை வாசித்துவிட்டுத் தலைகுனிந்தான்.

"மன்னிச்சிடுங்கண்ணே. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு உங்களைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீங்களே பாத்துச் சொல்லிட்டீங்க. அப்ப என் கைதான் தப்பு பண்ணியிருக்கு."

யோர்தானிஸ் வாயைத் திறந்தான். அதற்குள் அனஸ்திஸ் கோஸ்மாஸ் பக்கம் திரும்பினான்.

"முதலாளி, வேலை மட்டும்..."

"கை கூடட்டும், பாக்கலாம். இப்ப இதுல கையெழுத்துப் போடு." கோஸ்மாஸ் வேறொரு தாளை நீட்டினான். விபத்துக்கு நானே பொறுப்பு என்று அதில் அச்சடித்திருந்தது.

அனஸ்திஸ் பேனாவை இடக்கையில் வாங்கிக் கொண்டான். பழக்கமில்லாத கை, தாள் மேசையில் நழுவி நழுவிப் போனது. "அண்ணே, கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா?"

கிரீஸ் படிந்த விரல்களால் யோர்தானிஸ் தாளின் இரண்டு மூலைகளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டான். அனஸ்திஸ் நாக்கைக் கடித்தபடி தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினான்.