உறைக்கடையின் விதிமுறைகள்

அந்த வீட்டை விட்டு வெளியே போன எதுவும் ஒரு மாதத்துக்குள் ஒருமுறை திரும்பி வரும். போகும்போது எப்படி இருந்ததோ அப்படியே வரும். முதலில் வந்தது, அந்த வீட்டு அக்கா தங்கையில் தங்கையின் புருஷனுடைய தலைமுடி. சலூனில் ஒட்ட வெட்டிக்கொண்டு வந்த மனிதர் மறு வாரம் காலையில் கண்ணாடியைப் பார்த்தால், வெட்டிய முடி மொத்தமும் தலையில் இருந்தது. அவர் பல்செட் செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறவர். அன்றைக்கு முடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டர் தூள்கூட உதிராமல் வந்திருந்தது. அடுத்து, குப்பை வண்டியில் ஏற்றிவிட்ட பைகள் முடிச்சு அவிழாமல் மாடிப்படியில் வந்து உட்கார்ந்திருந்தன. கேஸ் விலை ஏறியதைப் பற்றிப் பேசியதில் பாதிகூடத் தெருவில் யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. பேசினவர்களும் சந்தோஷமாகத்தான் பேசினார்கள். இரவல் போன குடை திரும்பி வருகிற வீடு ஊரில் வேறு எங்கே இருக்கிறது? எதிர்வீட்டுக்காரர் தன் டிரில்லிங் மெஷினை மச்சானுக்குக் கொடுப்பதற்கு முன்னால், ஒரு நிமிஷம் இந்த வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்து, இங்கிருந்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார்.

இது எப்படி ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும். அந்த மாடி வீட்டில் அக்காவும் தங்கையும் தங்கை புருஷனும் இருந்தார்கள். அக்கா தனி ஆள். தையலில் கை தேர்ந்தவள். வாஷிங் மெஷின், மிக்சி, கம்ப்யூட்டர், எதைக் கொடுத்தாலும் டேப் வைக்காமல் கண்ணாலேயே அளந்து அதற்கு ஓர் உறை தைத்துவிடுவாள். ஓரங்களில் துணிப் பட்டையைக் குழாயாக உருட்டி அவள் வைக்கிற குழாய்த் தையலில் ஒரு சுருக்கம் இருக்காது. தங்கைக்குத் தைக்க வராது, ஆனால் வாய் உண்டு, செல்போன் உண்டு. உறைகளையும், அக்காவும் தானும் சேர்ந்து நிற்பதையும் படம் எடுத்து இணையத்தில் கடைப் பக்கம் ஒன்று ஆரம்பித்துப் போட்டாள். போட்ட வேகத்தில் ஆர்டர் வந்தது. ஆர்டரோடு கூடவே சந்தேகங்களும் வந்தன. வீட்டிலிருந்து விற்றால் வீடு கடையாகிவிடுமா? வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டுமா? வேறு யாரோ வைத்திருக்கிற கடைப் பெயரை நாமும் வைத்துவிட்டோமா? பதிவு செய்ய வேண்டுமா, எப்போது, யார் பெயரில்? கீழ்வீட்டில் ஒரு வக்கீல் இருந்தார். படித்தவர், தங்கமான மனுஷர், ஆனால் எதிலும் பிடி கொடுக்க மாட்டார்.

"அது பொறுத்ததும்மா" என்றார் வக்கீல்.

"எதைப் பொறுத்தது சார்?"

"அதுவும் பொறுத்ததுதான்."

அவரைத் தெருவில் எல்லோரும் பொறுத்து வக்கீல் என்றே கூப்பிட்டார்கள். அவர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் உறுதியாகச் சொன்னார்: கடை என்றால் விதிமுறைகள் என்று ஒரு பக்கம் இருந்தே ஆக வேண்டும். தங்கை மாடிக்கு வந்து செல்போனில் தேடினாள். நூறு கடைகளின் விதிமுறைகள் கிடைத்தன. எதைப் படித்தாலும் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. கடைசியில், இருப்பதிலேயே நீளமானதை எடுத்தாள். இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறவன் எதையும் விட்டிருக்க மாட்டான் என்பது அவள் கணக்கு. கடையின் பெயரை மட்டும் மாற்றி, மற்றதை வரி விடாமல் ஒட்டிவிட்டு, நிம்மதியாகத் தூங்கப் போனாள். அது கப்பல் சாமான் விற்கிற கடையின் விதிமுறை. அதில், 'இந்த முகவரியிலிருந்து செல்லும் எதுவும், சென்ற நிலையிலேயே, ஒரு மாதத்துக்குள் ஒருமுறை திரும்பப் பெறப்படும்' என்று இருந்தது. வேறு என்னவெல்லாமோ இருந்தது, இருந்ததெல்லாம் அந்த வீட்டில் நடந்தது. 'கடல் கொந்தளிப்பால் ஏற்படும் தாமதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று ஒன்று. அதனால் சில மத்தியானங்களில் கூடத்துத் தரை இப்படியும் அப்படியும் ஆடும். தையல் மெஷினின் கால்களைக் கயிற்றால் ஜன்னல் கம்பியோடு கட்டி வைத்தார்கள். பதினெட்டு வயது ஆகாதவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று இன்னொன்று. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் வாசல்படி வரை ஓடி வரும், ஓடிக்கொண்டே இருக்கும், உள்ளே வர முடியாது. அவர்களுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது.

விற்ற உறைகளும் ஒருமுறை திரும்பி வரத்தான் செய்தன. யாரோ ஒருவர் வீட்டு வாஷிங் மெஷின் மேலிருந்து காணாமல் போய் இங்கே மேஜையில் மடித்தபடி இருக்கும். மன்னிப்புக் கேட்டு மறுபடி அனுப்புவார்கள். இரண்டாம் தடவை போனது போனதுதான். கூரியர்காரர் வீட்டு மனுஷர் மாதிரி ஆகிவிட்டார். குழப்பமான வியாபாரம், ஆனாலும் நடந்தது. அக்காவும் தங்கையும் ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு அடுத்த உறைக்கு என்ன துணி என்று சண்டை போட்டார்கள், சிரித்தார்கள். அந்த நாட்களில் இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தார்கள் என்று எழுதி வைப்பதில் தவறில்லை.

முதல் சங்கடம் பெரியப்பாவால் வந்தது. தங்கை புருஷனின் பெரியப்பா சளிக்கு வைத்தியம் பார்க்க வந்து தங்கிவிட்டு ஊருக்குப் போனார். போய் மூன்று வாரம் கழித்து ஒரு காலையில், அதே சட்டை, அதே பை, அதே சளியோடு வாசலில் நின்றார்.

"பஸ் ஸ்டாண்டுக்குத்தான்ப்பா கிளம்பினேன். படி இறங்கினேன், இங்க நிக்கிறேன்" என்றார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நடுவில் போன மூன்று வாரம் அவரிடம் இல்லை. மத்தியானம் அவருடைய மகன் தங்கை புருஷனுக்குப் போன் செய்தான். அப்பாவும் மகனும் பல வருஷமாக முகம் கொடுத்துப் பேசாதவர்கள். இந்த மூன்று வாரத்தில் எப்படியோ பேச ஆரம்பித்திருக்கிறார்கள். "நேத்து ராத்திரி கூட என் தோள்ல கை போட்டு சிரிச்சாருண்ணே" என்று அவன் சொன்னான். பெரியப்பாவிடம் போனைக் கொடுத்தால், "அவன்கூட எனக்கு என்ன பேச்சு?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தங்கை அவருக்குக் கஷாயம் வைக்கச் சமையலறைக்குள் போனாள்.

இரண்டாவது சங்கடம் பதிவு செய்யும்போது வந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு பெயர்தான் எழுத முடியும். இரண்டு பேர் என்றால் அதற்கு வேறு வழி, வேறு படிவம், முதலில் இருவருக்கும் நடுவில் ஓர் ஒப்பந்தம் எழுத வேண்டும். "உங்கள்ல யார் முதலாளி?" என்று வக்கீல் கேட்டபோது, அக்கா தங்கையைக் காட்டினாள், தங்கை அக்காவைக் காட்டினாள். அது வாய்ப்பேச்சு. வங்கிக் கணக்கும் போன் நம்பரும் தன் பெயரில் இருந்ததால், தங்கை அவசரத்துக்குத் தன் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டாள். ஒப்பந்தம் எழுத வேண்டும் என்று இருவருக்கும் தோன்றாமல் இல்லை. கூடப் பிறந்தவளிடம் போய்க் கையெழுத்துக் கேட்பதா என்று இருவருக்கும் கூச்சம். பதிவுச் சான்றிதழ் வந்த காலையில் அக்கா தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"இது யாரோட கடை?" என்று கேட்டாள்.

"நம்மளோடதுதான்க்கா. சும்மா அவசரத்துக்கு என் பேரைப் போட்டேன்."

"நம்மளோடதுன்னு எங்க எழுதியிருக்கு?"

"எல்லாத்தையும் எழுதி வச்சுக்க முடியுமா? நீ தைக்கிற, நான் விக்கிறேன். விக்கிறவ பேர்லதான கடை இருக்கும்?"

தங்கை இதை வேண்டுமென்று சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு திரும்ப எடுக்கவும் தெரியவில்லை. அக்கா பாதிப் பின்னலோடு எழுந்தாள். "அப்ப நான் கூலிக்குத் தைக்கிறவ. அதை நீ மொதல்லயே..." என்று ஆரம்பித்தவள் வாக்கியத்தை முடிக்காமல், கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டாள். ஊரின் அந்தப் பக்கத்தில் ஒரு அறை எடுத்திருக்கிறாள் என்று கூரியர்காரர் சொன்னார். போனை எடுக்கவில்லை.

தங்கை புருஷன் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளவில்லை. "ஒரு மாசம்தானே? தானா வந்துருவாங்க" என்றார். தெருவும் அதையேதான் சொன்னது. தங்கையும் அந்த நம்பிக்கையில்தான் சாப்பிட்டாள், தூங்கினாள். அப்போதுதான் கப்பல் சாமான் கடையிலிருந்து நோட்டீஸ் வந்தது. விதிமுறைகள் தங்களுடைய எழுத்து, அதை எடுத்து ஒட்டியது குற்றம், இன்ன தேதிக்குள் நீக்க வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு. அந்தத் தேதி, அக்கா போய் ஒரு மாதம் முடிவதற்கு முந்தின வாரத்தில் விழுந்தது.

வக்கீல் நோட்டீஸை இரண்டு தரம் படித்தார். "கேஸ் போட மாட்டாங்கன்னு சொல்ல முடியாது. போடுவாங்கன்னும் சொல்ல முடியாது."

"ஒரு வாரம் தள்ளு. அக்கா வந்ததும் அழிச்சுக்கலாம். வழக்கு வந்தா பாத்துக்கலாம்" என்றார் புருஷன்.

தங்கைக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வழக்கை நினைத்து அவள் பயப்படவில்லை என்று சொல்ல முடியாது, பயந்தாள். ஆனால் அவள் மண்டையைக் குடைந்தது பெரியப்பாவின் முகம். அக்கா வருவாள், சரி. பாதிப் பின்னலோடு வருவாள். கையில் கத்தரிக்கோலோடு, அந்தப் பாதி வாக்கியத்தோடு, அதே கோபத்தோடு வருவாள். இந்த நாட்களில் அந்த அறையில் தனியாக உட்கார்ந்து அவள் எதையாவது யோசித்திருந்தால், ஒரு வேளை கொஞ்சம் மனசு இறங்கியிருந்தால், அதெல்லாம் போய்விடும். வந்த பிறகும், ஏன் வந்தோம் என்று அவளுக்கே தெரியாது. அப்படி வந்தால் அவள் அக்காதானா என்று தங்கை கேட்டாள். வக்கீலைக் கேள் என்றார் புருஷன். வக்கீலைக் கேட்டதற்கு, பொறுத்தது என்றார்.

கெடு தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே தங்கை அந்தப் பக்கத்தை அழித்தாள். அழித்த நிமிஷம் தரை ஆடுவது நின்றது; தையல் மெஷின் ஒருமுறை குலுங்கி அடங்கியது. பிறகு உட்கார்ந்து தானே எழுதினாள். எங்கும் பார்க்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. 'இந்தக் கடை இரண்டு பேருடையது. தைப்பவருக்குப் பாதி, விற்பவருக்குப் பாதி. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்' என்று ஆரம்பித்தாள். உறை பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம், எப்போது வேண்டுமானாலும், தருவதும் தராததும் உங்கள் இஷ்டம் என்று எழுதினாள். கடைசியாக, அக்கா ஒவ்வொரு படத்தையும் பார்த்துச் சொல்கிற ஒன்றையும் சேர்த்தாள்: 'படத்தில் பார்ப்பதற்கும் நேரில் வருவதற்கும் நிறம் கொஞ்சம் மாறலாம்.'

வக்கீல் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இதுல சட்டம் எங்கம்மா இருக்கு?"

"இல்லையா சார்?"

"பொறுத்தது" என்றார், ஆனால் இந்த முறை சிரித்துக்கொண்டே சொன்னார். படிவத்தைத் திருத்தி இரண்டு பெயரோடு அனுப்ப என்ன செய்ய வேண்டும் என்று அவரே எழுதிக் கொடுத்தார். அக்கா கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது.

அதன் பிறகு போனவை போனவைதான். குப்பை திரும்பவில்லை, முடி திரும்பவில்லை. எதிர்வீட்டுக்காரரின் டிரில்லிங் மெஷின் மச்சான் வீட்டிலேயே தங்கிவிட்டது. அவர் சில காலம் தங்கையைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் வாசலைத் தாண்டி உள்ளே வந்து விழுந்தார்கள், அவர்களுக்கும் ஏமாற்றம். அக்காவின் மாதம் முடிகிற அன்று, என்னதான் தானே அழித்திருந்தாலும், தங்கை கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள். யாரும் வரவில்லை. அழித்தது தப்போ என்று அழுதாள். புருஷன் சோற்றைப் பிசைந்து கொடுத்தார்.

இன்னும் கொஞ்ச நாள் போனது. ஒரு மத்தியானம் ஆர்டர் வந்தது: தையல் மெஷினுக்கு உறை ஒன்று, ஊரின் அந்தப் பக்கத்து முகவரி. வாங்குகிறவர் பெயர் இருக்கும் இடத்தில் அக்காவின் பெயர். தங்கை பல தடவை படித்தாள். கடையில் வெட்டி வைத்த துணி இருந்தது, தைக்க ஆள் இல்லை. தானே தைத்தாள். குழாய்த் தையல் ஒரு பக்கம் சுருங்கி, மறு பக்கம் பிதுங்கி, பார்க்கச் சகிக்கவில்லை. பிரித்துத் தைத்தாள், இன்னும் மோசமானது. அப்படியே கூரியர்காரரிடம் கொடுத்தாள்.

மறுநாளே அக்கா வந்துவிட்டாள், கையில் உறையோடு. முழுதாகப் பின்னி முடிச்சுப் போட்ட தலை. "விதிமுறையைப் படிச்சேன். பிடிக்கலைன்னா திருப்பித் தரலாம்னு போட்டிருக்கு" என்றாள். "இந்த ஓரத்தை இப்படி தைச்சுட்டு, கடையில பாதி வேற கேக்குதா உனக்கு?"

வாசல் வெளிச்சத்தில் அக்கா, கடைப் பக்கத்தில் இருவரும் சேர்ந்து நிற்கிற படத்தில் இருந்த மாதிரி இல்லாமல் லேசான நீலமாக இருந்தாள். துவைத்துத் துவைத்துச் சாயம் இறங்கிய துணி மாதிரி, முகம், கை, கழுத்து எல்லாமே. கூடவே வந்த கூரியர்காரர் அதைப் பார்த்தார். தெருவும் பிறகு பார்த்தது. கீழ்வீட்டு வக்கீல், விதிமுறையில் இருக்கிறபடிதானே என்று சொல்லிவிட்டார். அந்த நிறம் அதற்கப்புறம் மாறவில்லை, யாரும் மாற வேண்டுமென்று நினைக்கவுமில்லை. தங்கை ஒருமுறை படத்தைப் பார்த்தாள், ஒருமுறை அக்காவைப் பார்த்தாள். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. கதவை அகலமாகத் திறந்து, பேனாவையும் படிவத்தையும் கொண்டுவந்து நீட்டினாள். அக்கா முதலில் உறையைப் பிரித்துத் தைத்து முடித்தாள், பிறகு கையெழுத்துப் போட்டாள்.