முதல் ஊசி யாருக்கு

"நாளைக்கு உன் பொண்ணையும் கூட்டிட்டு வா" என்று வீட்டம்மா சமையலறைக்குள் வந்து சொன்னதும், பாத்திரம் தேய்ப்பவளின் கை நுரையோடு அப்படியே நின்றுவிட்டது. மகள் பிறந்து நாலரை வருஷமாகிறது. இதுவரை அந்த வீட்டு வாசற்படியைக்கூட அவள் மிதித்ததில்லை.

பள்ளிக்கூடம் சேரும் முன் போட வேண்டிய ஊசிகள் இரண்டு பாக்கி. சுகாதார நிலையத்தில் புதன்கிழமை மட்டும்தான் போடுவார்கள். அரைநாள் லீவு கேட்டபோதெல்லாம் வீட்டம்மாவுக்குத் தலைவலி வந்துவிடும். தடுப்பூசி அட்டையில் முத்திரை இல்லாமல் சேர்க்க முடியாது, நாளை மறுநாளே கடைசி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். இப்போது, தன் மகனுக்குப் போடும்போது இவள் மகளுக்கும் சேர்த்துப் போட்டுவிடலாம் என்கிறாள் வீட்டம்மா. பாத்திரம் தேய்ப்பவள் தன் தெருவில் ஒரு வீடு விடாமல் அந்த நல்ல மனசைச் சொல்லி மாய்ந்துபோனாள்.

மறுநாள் டாக்டர் அறைக்கு வீட்டம்மாவின் பையன் பவனி வந்தான். கூடவே அப்பா, அத்தை, இரண்டு தலையணை, ஏழு பொம்மை, விசிறி ஒன்று. போருக்குப் போகிற பட்டாளம்கூட அத்தனை மூட்டை தூக்கியிருக்காது.

"முதல்ல இவளுக்குப் போடுங்க டாக்டர்" என்றாள் வீட்டம்மா. "அரைமணி நேரம் பாப்போம். ஒண்ணும் ஆகலைன்னா தம்பிக்குப் போடலாம்."

லட்சம் குழந்தைகளுக்குப் போட்ட மருந்துதான், பார்க்க வேண்டியது எதுவுமில்லை என்றார் டாக்டர். கண்ணால் பார்த்தால் ஒரு நிம்மதி என்றாள் அத்தை. பாத்திரம் தேய்ப்பவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் ஓரடி எடுத்து வைத்தாள். ஆனால் அட்டை டாக்டர் மேஜையில் இருந்தது. திரும்பி வந்து மகளை நாற்காலியில் உட்கார வைத்தாள்.

சிறுமி இரண்டு கைகளையும் தானே நீட்டினாள். உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டாள். இரண்டு ஊசிக்கும் ஒரு முனகல் இல்லை. டாக்டர் முத்திரை குத்தி எழுதினார். அத்தை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வண்டிக்காரனிடம் பழம் பொறுக்குகிறவள் மாதிரி அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அரைமணி நேரம் மொத்தக் குடும்பமும் சிறுமிக்குக் காய்ச்சல் வருகிறதா என்று காவல் காத்தது.

"பாத்தியா கண்ணா, அவளுக்கு வலிக்கவே இல்ல. இவங்களுக்கெல்லாம் தோலு கெட்டி" என்றாள் வீட்டம்மா.

பையன் சிறுமியின் அருகில் வந்து கேட்டான்: "நெஜமா வலிக்கலையா?"

"வலிச்சுது" என்றாள் சிறுமி. "ரொம்ப."

பையன் போட்ட அலறலில் கூரை நாலு அங்குலம் உயர்ந்து இறங்கியது. அப்பாவைக் கடித்தான். தலையணைகள் பறந்தன.

"ஏய், வலிக்கலன்னு அவளைச் சொல்லச் சொல்லு" என்று பல்லைக் கடித்தாள் வீட்டம்மா.

பாத்திரம் தேய்ப்பவள் மேஜையிலிருந்த அட்டையை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள்.

"கை அவளோடதும்மா. வலிச்சுதுன்னா வலிச்சுதுதான்."

நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்ற குரல் கதவு வரை துரத்தி வந்தது. அவள் திரும்பவில்லை.

வெளியே படிக்கட்டில் இறங்கியதும் சிறுமி அவள் புடவையை இழுத்தாள்.

"அட்டையில எழுதிட்டாங்களாம்மா?"

"எழுதிட்டாங்கடி."

"ரெண்டும்?"

"ரெண்டும்."

சிறுமி படியில் உட்கார்ந்தாள். இரண்டு தோள்களையும் கையால் பொத்திக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஓவென்று அழ ஆரம்பித்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அழாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.