ஐம்பது நிமிடம் அதிகம்

இருபத்திரண்டு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுபவருக்கு நிமிடக் கணக்கு கைவந்த கலை. எந்த சிக்னலில் எவ்வளவு போகும், எங்கே அதைப் பிடிக்கலாம் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. ஆனால் அன்று காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த வித்தை ஒன்றும் எடுபடவில்லை.

மனைவியின் இதயம் ஓய்ந்துபோய், மாற்று இதயத்துக்குப் பதிவு செய்து ஏழு மாதமாகிறது. விடிந்ததும், வெளி மாநிலத்தில் ஒன்று கிடைத்திருக்கிறது என்று கூப்பிட்டார்கள். அலறியடித்துக்கொண்டு வந்தார்கள். அவளை அறுவை சிகிச்சைக்குத் தயார் செய்து உள்ளே படுக்க வைத்திருந்தார்கள். பத்தரை மணிக்கு, உறுப்பு மாற்று வேலைகளைக் கவனிக்கும் அம்மா வெளியே வந்து, "அண்ணே, இது நமக்கு ஒத்துவராது, கொண்டுவர நேரம் பத்தாது" என்றார்.

ஓட்டுநர் கைப்பேசியை நீட்டினார். "ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர்தாம்மா. ரெண்டு மணி முப்பத்தஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கு."

"அது இங்கேருந்து அங்க போறதுக்கு. வரும்போது எதிர்காத்து. இருபது நிமிஷம் கூட ஆகும்."

அந்த அம்மா ஒரு தாளின் பின்புறத்தில் எழுதிக் காட்டினார். அங்கே ஆஸ்பத்திரியிலிருந்து விமான நிலையம் இருபத்தைந்து நிமிடம். ஏற்றி இறக்கப் பதினைந்து. பறப்பது மூன்று மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் குறைவு. இங்கே சாலை பதினைந்து. தைத்து முடிக்க இன்னும் ஒரு மணி நேரம். வெளியே எடுத்த இதயம் நான்கு மணி நேரம்தான் தாங்கும்; இது ஐந்தைத் தொடுகிறது.

"ரோட்டுல பிடிச்சுடலாம்மா. ஆம்புலன்ச நான் ஓட்டுறேன்."

"போலீஸ் ரோட்ட மறிச்சு விட்டாத்தாண்ணே அந்தப் பதினஞ்சு. இல்லாட்டி ஐம்பது."

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கை வைக்க ஓர் இடமும் இல்லை. "தனி விமானம்?"

"அதுக்குத்தான் இந்தக் கணக்கே."

"கொஞ்சம் லேட்டானா என்ன ஆகும்?"

"வெச்சுத் தைச்சப்புறம் துடிக்காமப் போகலாம். பழசையும் எடுத்திருப்போம். டாக்டர் துணிய மாட்டேங்குறார்." அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். "நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்றீங்களா?"

"நானே சொல்றேன்."

உள்ளே போனதும் அவர் முகத்தைப் பார்த்தே அவள் புரிந்துகொண்டாள்.

"கெட்டுப்போச்சா?"

"இல்ல. ரொம்பத் தூரம்."

"வீணாவா போகப்போகுது?"

"அங்கேயே ஒருத்தருக்கு வைக்கிறாங்களாம்."

"அப்ப சரி" என்றாள். மூச்சு வாங்கியது. "இந்தச் சடைய அவுத்து விடுங்க. நர்ஸம்மா இழுத்துக் கட்டிட்டாங்க, தலை விண்ணுன்னு வலிக்குது."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முடிச்சைத் தேடினார். பழக்கமில்லாத வேலை. ஒரு பக்கம் அவிழ்ந்ததும் மறுபக்கத்தைப் படபடவென்று பிரிக்கப் போய் முடியை இழுத்துவிட்டார்.

"மெதுவா" என்றாள் அவள், "அவசரம் ஒண்ணும் இல்லையே."