பெட்டிக்குள் வெல்டாவின் லைசென்ஸ்

பதினாலு மாதம் கழித்து, என் வீட்டுத் தொலைபேசியில் யாரோ ஒருவன் "வெல்டா ஹௌகன் இருக்காங்களா?" என்று கேட்டான். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "கோழிக் கொட்டகைக்குப் போயிருக்கா" என்று சொல்லிவிட்டேன்.

வெல்டா என் மனைவி. போன வருடம் செப்டம்பரில் செத்துப்போனாள். கோழிகளையும் அப்போதே பக்கத்துப் பண்ணைக்காரனிடம் கொடுத்தாயிற்று. கொட்டகையில் இப்போது எலிகூட இல்லை.

எல்லாம் அவளுடைய துப்பாக்கியால் வந்த வினை. வெல்டா இடக்கைக்காரி. அவளுடைய மான் துப்பாக்கிக்கு, குண்டை ஏற்ற இழுக்கும் போல்ட் பிடி இடப்பக்கம் இருக்கும். வலக்கைக்காரன் எடுத்தால் மூக்கை இடித்துக்கொள்வான். எனக்கு அதனால் எந்த உபயோகமும் இல்லை. அலமாரியில் கிடந்து துருப்பிடிப்பதைப் பார்க்கவும் மனசு வரவில்லை. நூலகத்துக் கம்ப்யூட்டரில் விளம்பரம் போட்டேன். நெப்ராஸ்காவிலிருந்து ப்ரெண்ட் என்று ஒரு ஆள் கேட்டான். அவன் மகளுக்குப் பதினாலு வயதாம், இடக்கைதானாம், இந்த வருடம்தான் முதல் வேட்டையாம். அதற்கு மேல் என்ன பேரம், கொடுத்துவிட்டேன்.

கொடுத்துவிட்டேன் என்றால் கையில் கொடுப்பதல்ல. வேறு மாநிலத்து ஆளுக்கு நேரே அனுப்பினால் நானும் உள்ளே, அவனும் உள்ளே. அவன் ஊரில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்கு அனுப்ப வேண்டும். கடைக்காரர் அவனுடைய பின்னணியை விசாரித்துச் சரி என்று வந்தால்தான் கொடுப்பார். அந்தக் கடைக்காரர் பெயர் டுவேன். தன் கடை லைசென்ஸின் நகலை முதலில் அனுப்பிவைத்தார். கூடவே ஒரு குறிப்பு: போல்ட்டைக் கழற்றித் தனியே சுற்று, குண்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது, பெட்டிக்கு வெளியே துப்பாக்கி என்று காட்டும் ஒரு எழுத்தும் வேண்டாம், துப்பாக்கி யாருடையதோ அவருடைய டிரைவிங் லைசென்ஸ் நகலை உள்ளே வை.

துப்பாக்கி யாருடையது? வெல்டாவுடையது. முப்பத்தொரு வருடமாக அவளுடையது. நான் அதைத் தொட்டால் கையைத் தட்டிவிடுவாள். என் பர்ஸில் எங்கள் இரண்டு பேர் லைசென்ஸும் இருந்தன. அவளுடையதை எடுத்து நகல் போட்டு வைத்தேன். இதில் தப்பு இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவே இல்லை, சத்தியமாக.

எங்கள் பண்ணையிலிருந்து ஊருக்கு இருபத்திரண்டு மைல். தபால் ஆபீஸில் நொரீன் பெட்டியின் நீளத்தைப் பார்த்துவிட்டு, "என்ன ஆர்விட், விளக்குமாறா?" என்றாள்.

"ரைஃபிள். காலியா இருக்கு. நெப்ராஸ்கா கடைக்குப் போகுது."

"யாருதுன்னு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டு ரசீதைப் பார்க்கப் போய்விட்டாள். வெல்டாவோடு வாரம் தவறாமல் சீட்டாடியவள் அவள். இந்த ஊரே இப்படித்தான். என்னைக் கண்டால் மழையைப் பற்றிப் பேசுவார்கள், கோதுமை விலை பேசுவார்கள், அவள் பெயர் பக்கத்தில் வந்தால் பூனை மாதிரி சுற்றிக்கொண்டு போவார்கள். எனக்கு வலிக்குமாம். எவன் சொன்னான் இவர்களுக்கு?

அப்புறம்தான் முதலில் சொன்னேனே, அந்தச் செவ்வாய்க்கிழமை போன்.

"வாங்கறவர் ஆர்விட்னு ஒருத்தர்கிட்ட வாங்கினேங்கிறார்" என்றார் டுவேன். "பெட்டியில பாத்தா வெல்டா ஹௌகன். நானும் அந்தப் பேரையே பதிவேட்டுல எழுதிட்டேன். லைசென்ஸ் வேற மார்ச்சோட முடிஞ்சிருக்கு. அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டா போதும். எப்ப வருவாங்க?"

"சாயங்காலம்."

போனை வைத்தபோது எனக்கு உடம்பெல்லாம் லேசாக இருந்தது. ஒருவன் வெல்டாவைக் கேட்டிருக்கிறான். அவளோடு பேசக் காரியம் இருக்கிறது அவனுக்கு. நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வேலி கட்டினேன். சாயங்காலம் ஐந்தரை ஆனதும் எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நேரம் எங்கே போய்த் தொலைந்தாள் என்று வாசல் கதவைத் திறந்துகூடப் பார்த்தேன். புத்தி பிசகிவிட்டது என்று நீங்கள் சொன்னால் சண்டைக்கு வர மாட்டேன்.

புதன்கிழமை மறுபடி கூப்பிட்டார். "தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா" என்றேன்.

"உங்க வீட்டம்மா என்கிட்ட பிடி கொடுக்கவே மாட்டேங்கிறாங்களே" என்று சிரித்தார். "சரி, அந்தத் துப்பாக்கிக் கட்டையில நீளமா ஒரு கீறல் இருக்கே, அது எப்படி?"

"அவ குதிரைலேர்ந்து விழுந்தா. விழும்போதும் துப்பாக்கிய விடல. முள்வேலி கிழிச்சிருச்சு. எழுந்து வந்து என்னைத்தான் திட்டினா, வேலிய ஏன் அங்க போட்டேன்னு."

"நல்லா சுடுவாங்களோ?"

"என்னைவிட நல்லா. அத வருஷா வருஷம் எல்லார்கிட்டயும் சொல்லுவா."

இருபது நிமிடம் பேசினேன். சுடுவாள், சொல்லுவாள், திட்டுவாள். குதிரையிலிருந்து விழுந்த கதையைத் தவிர ஒன்றையும் நான் இறந்தகாலத்தில் சொல்லவில்லை. அந்த மனிதரும் மழையைப் பற்றிப் பேசவில்லை. பதினாலு மாதத்தில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த இருபது நிமிடம்தான்.

வியாழக்கிழமை மதியம் அவர் குரல் மாறியிருந்தது.

"சனிக்கிழமை இங்க மான் வேட்டை தொடங்குது. ப்ரெண்ட் நாளைக்கு மகளைக் கூட்டிக்கிட்டு வர்றார். யார் அனுப்பினாங்கன்னு பதிவேட்டுல சரியா இல்லாம நான் கொடுக்க முடியாதுங்க. பொய்யான பேர வெச்சிருந்தா என் கடைய மூடிருவாங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள அவங்க பேசணும். இல்ல, அனுப்பினது நீங்கதான்னா அதச் சொல்லுங்க."

"அவளால இப்ப பேச முடியாது."

"ஏங்க?"

"முடியாதுன்னா முடியாது. தொணதொணன்னு உயிரை வாங்காதீங்க" என்று போனை அடித்து வைத்தேன்.

களஞ்சியத்துக்குப் போனேன். வேலை ஒன்றும் இல்லை. ஒரு வாளியை எடுத்தேன், இன்னொரு இடத்தில் வைத்தேன். நான் சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு முதல் வேட்டை போச்சு. சொன்னால், நெப்ராஸ்காவில் ஒரு கடையில் இன்னும் உயிரோடிருக்கும் வெல்டா அங்கேயும் செத்துப்போவாள். நான் ஒருமுறைகூட அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் தங்கைதான் எல்லாருக்கும் சொன்னாள். ஊருக்குத் தெரிந்த பிறகு நான் யாரிடம் சொல்ல?

வெல்டா இருந்திருந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். இடக்கைப் பிள்ளை ஒன்று காத்துக்கொண்டிருக்கிறது, நீ இங்கே வாளி மாற்றுகிறாயா என்பாள். உள்ளே வந்து நானே போன் செய்தேன்.

"வெல்டா செத்துப் போயிட்டா" என்றேன். "போன வருஷம் செப்டம்பர்ல. அனுப்பினது நான்தான். அவ துப்பாக்கி, அதனால அவ லைசென்ஸ வெச்சேன்."

 நான் அழுகிறேன் என்று டுவேனுக்குத் தெரிந்திருக்கும். நான் மறைக்கவும் இல்லை.

"உங்க லைசென்ஸையும், நீங்கதான் அனுப்பினீங்கன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அதையும் போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றார். "அஞ்சு மணி தாண்டினாலும் கடைய மூடாம இருக்கேன்."

என்னிடம் இருப்பது சுவரில் மாட்டிய போன். இருபத்திரண்டு மைல் ஓட்டினேன். நொரீன் தபால் ஆபீஸைப் பூட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் தன் செல்போனில் படம் எடுத்து அனுப்பினாள். அனுப்பிவிட்டு என்னையே பார்த்தாள்.

"வெல்டா லைசென்ஸையா வெச்ச? அந்தப் படத்துல முறைச்சுக்கிட்டு இருப்பாளே."

"சிரிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்களாம், அந்தக் கோபம்" என்றேன்.

நொரீன் பூட்டிய கதவை மறுபடி திறந்து உள்ளே உட்காரச் சொன்னாள். சீட்டாட்டத்தில் வெல்டா செய்த திருட்டுத்தனங்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். பாதி எனக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை டுவேன் கூப்பிட்டார். எல்லாம் சரியாகிவிட்டதாம். அந்தப் பெண் துப்பாக்கியை வாங்கியதும் இடத் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு அப்பாவிடம் திரும்பத் தர மறுத்தாளாம்.

"ஒண்ணு கேக்கணும்" என்றேன். "அன்னிக்குப் பதிவேட்டுல எழுதினீங்களே அவ பேரு, அத அழிச்சிட்டீங்களா?"

"அழிக்கக் கூடாதுங்க. சட்டம். தப்பா எழுதினதுமேல ஒரே ஒரு கோடு போடணும், கீழ இருக்கிறது படிக்கிற மாதிரி. பக்கத்துல உங்க பேரு, என் சுருக்கக் கையெழுத்து, தேதி. கடை இருக்கிற வரைக்கும் அந்தப் பதிவேடு இருக்கணும்."

"இப்ப கைல இருக்கா?"

காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"வெல்டா மே ஹௌகன்" என்று வாசித்தார். "பக்கத்துல ஆர்விட் ஹௌகன்."

"கோடு அழுத்தமா போட்டிருக்கா?"

"இல்லைங்க. லேசாத்தான் போட்டிருக்கேன்."

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். அவர் வாசித்தார்.