டப்பா குலுக்கும் வேலை

மனித குலம் சரிந்தது போரினாலும் அல்ல, பஞ்சத்தினாலும் அல்ல. காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாகச் சேர்த்து அதற்கு பிரஞ்ச் என்று பெயர் வைத்த அன்றுதான். இது அப்பாவின் கண்டுபிடிப்பு. காப்பீட்டு அலுவலகத்தில் காலமெல்லாம் கையெழுத்துப் போட்ட மனிதர் சொன்னால் அதில் விஷயம் இருக்கும் என்று நாங்கள் நம்பியாக வேண்டும். வீடு அவர் பெயரில் இருக்கிறது.

இருந்தும் அந்த ஞாயிற்றுக்கிழமை, காலையும் இல்லாத மதியமும் இல்லாத ஒரு வேளையில், எங்கள் தெருமுனை இத்தாலியன் உணவகத்தில் அப்பா, அம்மா, அக்கா, நான் என்று நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். காரணம் அக்கா. அவள் கட்டிக்கொள்ள நினைக்கும் ஆள் அங்கே காக்டெய்ல் கலக்குகிறவர். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு கிடையாது. "நேர்ல பார்த்துட்டு இன்னைக்கே முடிவு சொல்றேன்" என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். முடிவு என்னவாக இருக்கும் என்பது, அந்த ஆளுக்கு அவர் வைத்திருந்த பெயரிலேயே தெரிந்தது. டப்பா.

அங்கே மேஜைக்கும் மேஜைக்கும் நடுவில் ஒரு கத்தி நுழையலாம். பக்கத்து மேஜைக்காரர் பாஸ்தாவை முள்கரண்டியில் சுற்றும்போதெல்லாம் அவருடைய முழங்கை என் விலாவை விசாரித்தது. உரிமையாளர், உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் சின்ன வயதில் தொலைந்துபோன தம்பியைக் கண்டதுபோல் கட்டிப்பிடித்தார். அப்பாவையும் பிடித்தார். அப்பா பர்ஸ் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

எங்களுக்குக் கிடைத்தது கவுண்டரை ஒட்டிய மேஜை. அக்காவின் ஆள் எஃகு டப்பாவில் ஐஸையும் சாறையும் போட்டு மூடி, தோளுக்கு மேல் தூக்கிக் குலுக்கினார். ஏதோ ஒரு நாட்டின் விடுதலை அதற்குள் அடைபட்டிருப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு. கூட்டம் கைதட்டியது.

"இதுக்கு ஒரு படிப்பு வேற இருக்காம்," என்றார் அப்பா.

"ரெண்டு வருஷம்பா," என்றாள் அக்கா.

"இருமல் மருந்து பாட்டில்லயே போட்டிருக்கான், குலுக்கிட்டுக் குடிக்கணும்னு. அதுக்கு நான் எந்தக் காலேஜ் போனேன்?"

"அப்பா, அவருக்குக் கேக்குது."

"கேக்கட்டும். யார் வேணும்னாலும் செய்யலாம் இதை."

அந்த ஆள் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை. இன்னொரு டப்பாவில் ஐஸும் தக்காளிச் சாறும் ஊற்றி, மூடியோடு நீட்டினார். "செஞ்சு பாருங்க அங்கிள்."

அப்பா எழுந்து சட்டைக் கையை மடித்தார். அந்த மணிக்கட்டு அதுவரை செய்த ஒரே உடற்பயிற்சி கையெழுத்து. மூடியைப் பொருத்தி, தோளுக்கு மேல் தூக்கி, நாலு தடவை குலுக்கியிருப்பார். மூடி பறந்தது. பாதிச் சாறு அவருடைய வெள்ளைச் சட்டையில் இறங்கியது, மீதி பக்கத்து மேஜைக்காரரின் பாஸ்தாவில். அவர் கொஞ்ச நேரம் கவனிக்கவே இல்லை. நிறம் ஒத்துப்போயிருந்தது.

உரிமையாளர் ஓடி வந்தார், இந்த முறை கட்டிப்பிடிக்க அல்ல.

"என் தப்பு சார். மூடியை நான்தான் சரியா அழுத்தல," என்றார் அந்த ஆள்.

அழுத்தியது அப்பா என்பது எங்கள் நாலு பேருக்கும் தெரியும். அப்பா பெருந்தன்மையோடு, "பரவாயில்ல தம்பி. இனிமே கவனமா இருங்க" என்று அவரை மன்னித்தார்.

திரும்பும் வழியில் அக்கா எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தாள். அம்மாதான் ஆரம்பித்தாள். "எனக்குப் பையனைப் பிடிச்சிருக்குங்க. மாமனாருக்காக முகம் மாறாம பொய் சொல்றான். குடும்பம் நடத்த வேற என்ன தெரியணும்?"

"டப்பா குலுக்கறது ஒரு தொழிலா?" என்றார் அப்பா. தக்காளி வழியும் சட்டையோடு அதைக் கேட்க ஒரு தைரியம் வேண்டும். "சாயங்காலம் சொல்றேன்."

சாயங்காலம் சமையலறையிலிருந்து கடகடவென்று சத்தம் வந்தது. அக்காவும் நானும் எட்டிப் பார்த்தோம். அப்பா பனியனோடு நின்று, அம்மாவின் எவர்சில்வர் ஃபிளாஸ்க்கைத் தோளுக்கு மேல் தூக்கிக் குலுக்கிக்கொண்டிருந்தார். கண்கள் மூடியிருந்தன. தரையெல்லாம் எலுமிச்சைச் சாறு.

கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தார். ஃபிளாஸ்க்கைக் கீழே வைக்கவில்லை.

"அம்மாடி, மாப்பிள்ளை எந்தத் தோள் பக்கம் வெச்சுக் குலுக்கினார்?"

"இடது பக்கம்பா," என்றாள் அக்கா.

அப்பா ஃபிளாஸ்க்கை இடது தோளுக்கு மாற்றினார். மூடியை மட்டும் இன்னொரு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டார்.