வேட்டியைக் காட்டி எடுத்த படம்

களுவாஞ்சிக்குடியில் வினாயகமூர்த்தி முப்பது வருடமாகக் கல்யாணப் படம் எடுத்து வந்தார். அவர் கைபட்டால் கறுத்த மாப்பிள்ளையும் சிவந்துவிடுவான் என்று ஊருக்குள் பேர். அந்தப் பேரை அவர் மறுத்ததில்லை. மறுக்க அவருக்கென்ன விசரா?

சண்டை முடிந்த மறு வருடம் பிலிம் சுருள் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. கட்டாரிலிருந்து மருமகன் அனுப்பிய டிஜிட்டல் கமராவைக் கையில் எடுத்தார். அதிலிருந்த பொத்தான்களைப் பார்த்ததும் தலை சுற்றியது. ஆனாலும் வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

முதல் பெரிய வேலை, பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கும் மங்கையற்கரசியிடமிருந்து வந்தது. அவள் வரைந்த ஓவியம் ஒன்றைக் கொழும்புக் கண்காட்சிக்காரர்கள் கேட்டிருந்தார்கள். அங்கிருந்து அது வெளிநாடு போகும், திரும்பி வராது. வாவியில் தோணியில் நின்று வலை இழுக்கும் அவளுடைய கணவன் உதயரூபனின் படம் அது. கடல் ஊருக்குள் வந்த அன்று உதயரூபனும் போனார், வீட்டிலிருந்த அல்பங்களும் போயின. வினாயகமூர்த்தியின் ஸ்டூடியோவில் கிடந்த நெகட்டிவ்களையும் கடல் விட்டுவைக்கவில்லை. அந்த முகம் மிஞ்சியிருந்தது இந்த ஓவியத்தில் மட்டும்தான்.

“அண்ணன், நாளைக்கு லொறி வருது. நீங்க எடுக்கிற படத்தில அவர் அவராவே இருந்தாத்தான் இதைக் குடுப்பன். இல்லாட்டி லொறி வெறுமனே போகட்டும்,” என்றாள் மங்கையற்கரசி.

“நான் எடுக்காத முகமா தங்கச்சி?” என்றார் அவர்.

ஓவியத்தை முற்றத்து நிழலில் சாய்த்து வைத்தார். வெள்ளை எது என்று முதலில் காட்டிவிட்டால் மற்ற நிறங்களைக் கமரா சரியாகப் பிடித்துக்கொள்ளும் என்று மருமகன் சொல்லிக் கொடுத்திருந்தான். வெள்ளைக்கு எங்கே போவது? பெண்சாதி ஆச்சிப்பிள்ளை தோய்த்துக் கொடுத்த வேட்டி இடுப்பில் பளபளத்தது. குனிந்து தன் முழங்காலையே ஒரு படம் எடுத்தார். மங்கையற்கரசி சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள்.

பிறகு ஓவியத்தை எடுத்தார். கமராத் திரையில் உதயரூபன் மஞ்சள் பூசிக் குளித்தவர்போலத் தகதகவென்று நின்றார். வினாயகமூர்த்திக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பொல்லாத கமராதான், சொல்லாமலே ஆளைச் சிவப்பாக்கியிருக்கிறதே!

மங்கையற்கரசி ஒரு கணம்தான் பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது.

“இது ஆர் அண்ணன்? எங்கட கலியாண அல்பத்திலயும் இப்பிடித்தான் செஞ்சீங்க. வேற ஆரையோ கட்டிவச்ச மாதிரி இருந்திச்சு எனக்கு.”

சுருக்கென்று தைத்தது. உதயரூபனை அவர் நேரில் படம் எடுத்தது அந்த ஒரு தரம்தான். அந்த ஒரு தரமும் ஆளை மாற்றித்தான் கொடுத்திருக்கிறார். வெட்கமாக இருந்தது, மெய்யாகவே வெட்கமாக இருந்தது.

“இப்ப நான் ஒண்டும் செய்யல்ல தங்கச்சி. கமராட வேலை,” என்றார், குரல் இறங்கிப்போய்.

அவள் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பார்வை அவருடைய வேட்டியில் வந்து நின்றது.

“அக்கா நல்லா நீலம் போட்டுத் தோய்ச்சிருக்கா, என்ன? இது வெள்ளையில்ல அண்ணன். நீலத்தை வெள்ளையெண்டு காட்டினா அது பாவம் என்ன செய்யும்? எல்லாத்திலயும் மஞ்சளை அள்ளிக் கொட்டியிருக்கு.”

ஓவியத்தின் ஓரத்தைத் திருப்பிக் காட்டினாள். சட்டத்தில் மடித்து அடித்திருந்த துணியில் வர்ணம் படாத வெள்ளைப் பூச்சு மட்டும் இருந்தது. வினாயகமூர்த்தி அதைக் கமராவுக்குக் காட்டிவிட்டு மறுபடி எடுக்கப் போனார். பழக்கதோஷத்தில் விரல் வெளிச்சத்தைக் கூட்டும் பொத்தானுக்குப் போனது. இழுத்துக்கொண்டார். அப்படியே எடுத்து அவளிடம் நீட்டினார்.

வாவி வாவியின் நிறத்தில் கிடந்தது. உச்சி வெயிலில் கறுத்துப்போய், கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஆள் நின்றார். மங்கையற்கரசி திரையைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

“பாருங்களன்,” என்றாள் கடைசியில். “தொப்பியப் போட்டுட்டுப் போங்க எண்டு எத்தின தரம் சொல்லுறன். கேக்கவே மாட்டார் இந்த மனிசன்.”

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“லொறி வரட்டும் அண்ணன்,” என்றாள்.