எழுபத்தெட்டு புள்ளி நாலு

டாக்டரம்மா என்பது விடுதிக்காரர்கள் வைத்த கேலிப்பெயர். பட்டம் இன்னும் வாங்கவில்லை. மாணவர்கள் பாக்கெட் தீனி எவ்வளவு தின்கிறார்கள், எடை எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஒரு வாரம் தின்றவற்றின் உறைகளைப் பையில் போட்டுக் கொண்டுவந்து, எடை மெஷினில் ஏறி நிற்க வேண்டும். ஒருவர் எண்ணை உரக்கச் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொள்வார். ஆய்வுக்கூடத்தில் காலங்காலமாக அப்படித்தான்.

அன்று அறைத்தோழி ஏறி நின்றாள். டாக்டரம்மா பழக்கதோஷத்தில் வரிசைக்கே கேட்கும்படி, "எழுபத்தெட்டு புள்ளி நாலு!" என்று கூவினாள். பின்னாலிருந்து ஒருவன் விசிலடித்தான். தோழி இறங்கினாள், பையை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டாள்.

இரண்டு நாளாகப் பேச்சில்லை. ஆறு வருஷ சிநேகிதம் அறுந்தேவிடுமோ என்று டாக்டரம்மா பயந்தாள். மனசு சரியில்லாதபோது அவள் கை தானாகப் போகுமிடம் மேசை இழுப்பறை. சிப்ஸ் பாக்கெட்டைப் பாதி காலி செய்த பிறகுதான், தானும் அதே தீனியைத்தான் தின்கிறோம் என்பது உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் காலையில் ஒரு பையைத் தோழியின் கட்டிலில் கவிழ்த்தாள். நூடுல்ஸ் உறை, பிஸ்கட் உறை, நசுங்கிய கூல்டிரிங்ஸ் டப்பாக்கள்.

"என்னடி குப்பை இது?"

"நான் ஒரு வாரத்துல தின்னது. யாருகிட்டயும் காட்டினதில்ல."

தோழி ஒவ்வொன்றாக எண்ணினாள். முப்பத்தொன்று. அவளுடைய பையில் இருபத்திரண்டுதான்.

"அடிப்பாவி! உனக்கு மட்டும் உடம்புல ஒட்டவே மாட்டேங்குதே!"

"அதான் என்னைப் பார்த்து யாரும் விசிலடிக்கல. சத்தமா சொன்னது என் தப்புடி. மன்னிச்சுடு."

தோழி சிரிக்கவில்லை. ஆனால் அன்று மாலை விடுதியின் பொது அடுப்பில் இரண்டு பேருக்குச் சோறு வைத்து, முட்டையும் வேகவைத்தாள். சோறு குழைந்துவிட்டது, இருவரும் வழித்துத் தின்றார்கள்.

அடுத்த வாரம் மெஷின் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவரவர் எண்ணை அவரவரே சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். தோழி ஏறி நின்றாள். சீட்டைத் தொடவில்லை.

"எழுபத்தெட்டு புள்ளி ஆறு!" என்று அவளே உரக்கச் சொன்னாள். "கொஞ்சம் ஏறியிருக்கு. எழுதிக்கோடி, நான் அடுத்த வாரமும் வருவேன்."

டாக்டரம்மாவுக்குக் கண் கலங்கி எழுத்து மங்கியது. தோழி இறங்கி வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அடுத்து யாரு? விசிலடிச்சவரா? வாங்க, பையைக் காட்டுங்க."